விளக்குக்குப் பின்னால் வந்த ஜாஸ்

எங்கள் பேண்டு செட்டில் நான் எதையும் ஊதியதில்லை, எதையும் அடித்ததும் இல்லை. ஆனாலும் எனக்கு முன்னால் யாரும் போனதில்லை. காஸ் லைட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னே நடக்கிறவள் நான். எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் கிளாரினெட். அதற்குப் பக்கத்தில் பூந்தமல்லி பாயின் டிரம்பெட். அவர்களுக்குப் பின்னால் என் சின்ன மாமனாரின் பெரிய டிரம். அதற்கும் பின்னால்தான் குதிரைமேல் மாப்பிள்ளையோ, பல்லக்கில் அம்மனோ.

காஸ் லைட்டு வெளிச்சத்துக்கு மட்டும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. விளக்கு எந்த வேகத்தில் போகிறதோ அந்த வேகத்தில்தான் பாட்டு போகும். நான் நடையைத் தளர்த்தினால் டிரம் தளரும். முச்சந்தியில் நான் நின்றால் எல்லோரும் நிற்பார்கள், வட்டமாகத் திரும்பிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பார்கள். அங்கேதான் ஒவ்வொருவனும் தன் திறமையைக் காட்டுவான். நான் மறுபடி அடி எடுத்து வைத்தால் வாசிப்பு நேராகி நடக்க ஆரம்பித்துவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மாமியார் விளக்கு தூக்கினாள், அவளுக்குப் பிறகு நான் தூக்கினேன். அவ்வளவுதான்.

விளக்கு சுமக்கிறவளுக்கு ஒரு குறை உண்டு. பேண்டுக்கு முதுகைக் காட்டியேதான் நிற்க வேண்டும். அவர்கள் வாசிப்பதை நான் பார்த்ததே கிடையாது. காதால் கேட்கலாம் என்றால், தலைக்குமேல் அந்த விளக்கு உஸ் உஸ் என்று பாம்பு மாதிரி சீறிக்கொண்டே இருக்கும். என் புருஷனின் கிளாரினெட்டை அந்தச் சீறலுக்கு அடியில்தான் நான் கேட்டுப் பழகியது.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போகவில்லை. ஆவடிப் பக்கம் பனங்காடும் மேய்ச்சலுமாகக் கிடந்த பூமியில் வரிசை வரிசையாகக் கொட்டகை போட்டு எந்தெந்த தேசத்துச் சிப்பாய்களையோ கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் லாரிகள் போவதும் வருவதும் நாள் முழுக்கக் கேட்கும்.

அந்த வருஷம் சித்திரையில் எங்கள் அம்மன் கோயில் தர்மகர்த்தா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்விட்டு வந்தவர் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா சொன்னாரு?"

"ஆடிக்குப் பட்டணத்து பேண்டாம். சரிகைக் கோட்டு போட்டுகினு வருவாங்களாம். சினிமாப் பாட்டெல்லாம் ஊதுவாங்களாம். நம்பள ஊட்டுல குந்திகினு கூழு குடிக்கச் சொல்றாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? நம்ப கோட்டைப் பாத்தேன். சாயம் போயிதான் கீது."

ஆடி மாசம் அம்மனுக்கு முன்னால் நடப்பது ஒரு நாள் வேலை இல்லை. அதைப் பார்த்துத்தான் பூந்தமல்லியிலிருந்து திருவேற்காடு வரைக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள் எங்களைத் தேடி வருவார்கள். சாமிக்கு முன்னால் போகாதவனை மாப்பிள்ளைக்கு முன்னால் எவன் கூப்பிடுவான்? அந்த ஆடி போனால் எங்கள் செட்டு போனது. என் மாமனார் ஊதிய கிளாரினெட்டை என் புருஷன் பரணில் போட்டுவிட்டு ஆவடி கேம்பில் மண் சுமக்கப் போக வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் பாய் ஒரு சேதி கொண்டுவந்தார். அவருடைய மச்சான் கேம்புக்குக் கறி சப்ளை செய்கிற கான்டிராக்டர். கேம்பில் பெரிய துரை ஒருத்தர் மாற்றலாகிப் போகிறாராம். அவருக்காக ஒரு சாயங்காலம் பாட்டுக் கச்சேரி. பட்டணத்து ஹோட்டல்களில் வாசிக்கிற ஜாஸ் செட்டு வருகிறது. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்து பேண்டு ஒன்று கொஞ்ச நேரம் வாசிக்கட்டும் என்று துரை ஆசைப்பட்டாராம்.

"ஜாஸுன்னா இன்னா பாய்?" என்று கேட்டேன்.

"எனக்கின்னா தெரியும் தங்கச்சி. வெள்ளைக்காரங்க எழுந்து ஆடுவாங்களாம். ஆனா ஒண்ணு. உங்க தர்மகர்த்தாவும் அன்னிக்கு வர்றாரு. கேம்புக்கு வைக்கோல் போடறாரில்ல? அவருக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கீறாங்க."

சின்ன மாமனார் அதுவரை வாயில் வெற்றிலையோடு சும்மா இருந்தவர், எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார். "அவரு முன்னாடி துரைங்க கை தட்டணும். அவ்ளோதான். அப்புறம் எந்தப் பட்டணத்துக்காரன் வர்றான்னு பாக்கறேன்" என்றார்.

நான் நாலு நாள் உட்கார்ந்து கோட்டுகளை அவுரிச் சாயத்தில் முக்கி எடுத்தேன். பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். காஸ் லைட்டையும் விடவில்லை. கண்ணாடியைச் சாம்பலால் துடைத்து, உள்ளே புதுத் திரி வலை கட்டினேன். அதைப் பார்த்த பாய் தலையைச் சொறிந்தார்.

"லைட்டு வாணாம்னு மச்சான் சொன்னான் தங்கச்சி. அங்க கரன்ட்டு கீது."

"அப்ப நான்?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர்தான், "நீயும் வா. திரும்பி வரச்சொல்லோ இருட்டாயிடும், வண்டிக்கு லைட்டு வேணுமில்ல" என்றார். வண்டிக்கு விளக்கு. சரி என்று ஏறிக்கொண்டேன்.

ஆவடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கவில்லை. கச்சேரி நடக்கிற கொட்டகைக்குப் பின்புறம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் ஜாஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயசுக்காரர்களாக இருப்பார்கள் என்று நினைத்தால், எங்கள் சின்ன மாமனார் வயசு இருக்கும். ஒருத்தர் கோவாக்காரர். குள்ளமாக, நரைத்த தலையை வழவழவென்று படிய வாரி, மடியில் ஒரு பித்தளைக் குழாயைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். சுங்கான் புகைக்கிறவன் வாயில் வைக்கிற குழாயைப் பத்து மடங்கு பெரிதாக்கி வளைத்தால் எப்படி, அப்படி இருந்தது. இன்னொருத்தர் பெரம்பூர் ரயில்வேயில் இஞ்சின் ஓட்டிப் பென்ஷன் வாங்கின ஆங்கிலோ இந்தியர், எங்கள் பேச்சில் சட்டைக்காரர். உயரமான ஆள். சிவந்த முகம். அவர் டிரம் அடிக்கிறவர். பேசுகிற தமிழ் எங்கள் தமிழேதான்.

பாய் நேரே அந்தக் குழாயிடம் போனார். "இன்னா நைனா இது? வாயில வைக்கிறதா, தோள்ல மாட்டறதா?"

"சாக்ஸ்போன்" என்றார் கோவாக்காரர். "பாரு, உன் ஆளு வச்சிருக்கிறானே, அதோட அண்ணன்." என் வீட்டுக்காரரின் கிளாரினெட்டைக் காட்டினார். "ரெண்டுக்கும் நாக்கு ஒண்ணு. நாணல்."

என் வீட்டுக்காரர் கிளாரினெட்டின் வாயைக் கழற்றிக் காட்டினார். கோவாக்காரர் சாக்ஸ்போனின் வாயைக் கழற்றிக் காட்டினார். இரண்டு பேரும் அந்த மெல்லிய நாணல் சில்லுகளை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் ஜாதகம் பார்த்த மாதிரி இருந்தது.

டீ வந்தது. தகர டம்ளரில் ஊற்றி எல்லோரும் மரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். நான் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹோட்டல்ல வாசிக்கிறது எப்படிங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சாப்பிடறவன் தட்டைப் பாக்கறான். அவன் பொண்டாட்டி பக்கத்து மேஜைக்காரி கவுனைப் பாக்கறா. நான் செத்து விழுந்தாலும் சூப்பு ஆறிப்போச்சுன்னுதான் கம்ப்ளெயின்ட்டு" என்றார் கோவாக்காரர்.

சட்டைக்காரர் சிரித்தார். "இவனுக்கு அது பரவால்ல மாமே. எனக்கு, மெள்ள அடி மெள்ள அடின்னு மேனேஜர் வந்து காதுல சொல்லுவான். இஞ்சினை அடிச்சி ஓட்டுனவன்யா நானு. மெள்ளன்னா இன்னான்னே தெரியாது."

"எங்களுக்கு எவனும் மெள்ளன்னு சொன்னதில்ல" என்றார் சின்ன மாமனார். "பொண்ணு ஊட்டுக்காரன், இன்னும் சத்தமா, இன்னும் சத்தமான்னுவான். மாப்பிள்ள ஊட்டுக்காரனுக்குக் கேட்டாத்தானே அவனுக்கு மரியாதை."

"பேப்பர் வச்சிகினு வாசிப்பீங்களா?" என்று பாய் கேட்டார்.

"பாதிக்கு பேப்பர் இருக்கு" என்றார் கோவாக்காரர். "ஆனா ஒரு இடம் வரும். அங்க பேப்பர் கெடையாது. ஒருத்தன் எழுந்து நின்னு அவன் மனசுல இருக்கிறதை வாசிப்பான், மத்தவன் எல்லாம் அவனைத் தாங்கணும். அவன் முடிச்சி உக்காந்தா அடுத்தவன். அதுதான் ஜாஸு. மிச்சம் எல்லாம் டான்ஸுக்கு."

பாய் தொடையில் அடித்துக்கொண்டார். "அட, இது நம்ப முச்சந்திப்பா!"

முச்சந்தி என்றால் என்ன என்று அவர்கள் கேட்க, இவர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச, ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் சட்டைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மே, நீ சொல்லு. நீ இன்னா வாசிக்கிற?"

"நான் வாசிக்கறதில்லீங்க. முன்னாடி லைட்டு எடுத்துகினு போவேன். நான் நின்னா முச்சந்தி. நடந்தா பாட்டு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப கொடி காட்டற கார்டு நீதானா? இவனுங்கல்லாம் வெறும் இஞ்சினா?" என்று கேட்டுவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே உறுத்தியது. இன்றைக்குக் கார்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கோவாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல சர்ச்சுத் திருநாளுக்கு இப்படித்தான்" என்றார் மெதுவாக. "மாதா பின்னாடி வரும். பேண்டு முன்னாடி நடக்கும். நான் ஊதக் கத்துக்கிட்டது நடந்துக்கிட்டுதான். அப்புறம் ஹோட்டலுக்கு வந்தேன், நாற்காலி குடுத்தாங்க. இன்னும் எழுந்திரிக்கலே."

கரன்ட் விளக்குகள் போட்டார்கள். கொட்டகைக்குள்ளே சிப்பாய்கள் நிறைந்துவிட்டார்கள். துரைகளும் துரைசானிகளும் முன்வரிசையில். ஓரத்தில் நம் ஆட்களுக்குப் போட்ட நாற்காலிகளில் எங்கள் தர்மகர்த்தா, பட்டு அங்கவஸ்திரத்தோடு. நான் பக்கவாட்டுக் கதவோரமாக நின்றுகொண்டேன்.

மேடையில் மூன்று நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு வைத்திருந்தார்கள். மரியாதைக்குத்தான் போட்டிருப்பார்கள், குற்றம் சொல்லக்கூடாது. எங்கள் ஆட்களும் பெருமையாகப் போய் உட்கார்ந்தார்கள். சாயம் ஏறின கோட்டு பளபளவென்று இருந்தது. எனக்கே பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வாசிக்க ஆரம்பித்தார்கள். ஐயோ, அதை என்ன சொல்வேன்.

பெரிய டிரம் தோளிலிருந்து தொங்கி வயிற்றில் இடிக்க வேண்டிய சாமான். உட்கார்ந்த ஆளின் மடியில் அது பூசணிக்காய் மாதிரி ஏறிக்கொண்டு அவர் தாடையை முட்டியது. சின்ன மாமனார் கழுத்தை எக்கி எக்கி அடித்தார். அடி எங்கே விழ வேண்டும் என்று அவருக்குச் சொல்வது அவருடைய கால். வலது கால் தரையில் பட்டால் ஓர் அடி, இடது கால் பட்டால் ஓர் அடி. காலுக்கு வேலை இல்லாமல் போனதும் கை வழி தெரியாமல் ஓட ஆரம்பித்தது. பாய் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். என் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அவருக்கு மூச்சு வயிற்றிலிருந்து வரவில்லை, கழுத்திலிருந்து வந்தது. கிளாரினெட் ஒருமுறை கீச்சென்று கத்தியது.

பின்னால் இருந்த சிப்பாய்கள் விசில் அடித்தார்கள். யாரோ ஒருத்தன் கோழி மாதிரி கொக்கரித்துக் காட்டினான். கொட்டகையே சிரித்தது. தர்மகர்த்தா சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து என்னவோ சொன்னார், அந்த ஆள் தலையை ஆட்டினார். அது சிரித்ததைவிட மோசம். எங்கள் ஆடி அங்கே முடிந்துகொண்டிருந்தது.

என் புருஷன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி அவர் வாசிக்கும்போது முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்த முகத்தை இப்படியா பார்க்க வேண்டும்? அவர் கண் எதிரே எதையோ தேடிக்கொண்டிருந்தது. இடமும் வலமும் போய்ப் போய்த் திரும்பி வந்தது. எதைத் தேடுகிறது என்று எனக்குச் சட்டென்று தெரிந்துபோயிற்று.

வண்டிக்கு ஓடினேன். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டினேன். பம்ப் அடித்து விளக்கை ஏற்றுவதற்கு நேரமில்லை. ஏற்றாத விளக்கையே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தேன்.

கதவருகே பாயின் மச்சான், அந்தக் கான்டிராக்டர், கையை விரித்துக்கொண்டு மறித்தார். "இன்னாம்மா நீ, எங்க போற? கரன்ட்டு லைட்டு எரியுது பாரு. அதுல வெளிச்சம்கூட இல்ல!"

"வெளிச்சத்துக்கு யாரு எடுத்துகினு போறா? வழி உடுங்க அண்ணாத்தே" என்றேன்.

விட்டார். சிப்பாய்களுக்கு நடுவில் இருந்த பாதையில் நடந்தேன். அணைந்த விளக்கைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு பொம்பிளை வருகிறாள் என்றதும் அவர்களுக்கு இன்னும் வேடிக்கையாகிவிட்டது. சிரிக்கட்டும். தலையில் விளக்கு இருக்கிறவள் தலையைத் திருப்ப முடியாது, அதனால் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மேடைக்கு எதிரே போனேன். என் வீட்டுக்காரரின் கண் என்னைப் பிடித்துக்கொண்டது. வாசிப்பு நின்றது.

திரும்பி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எப்போதும் நிற்கிற மாதிரி நின்றேன்.

பின்னால் ஒரு நாற்காலி தரையில் உரசியது. அப்புறம் இன்னொன்று. டிரம்மின் தோல்வார் கொக்கி மாட்டுகிற சத்தம். மேடையிலிருந்து இறங்குகிற காலடிகள், எனக்குப் பழகின காலடிகள், ஒன்றொன்றாக வந்து அதனதன் இடத்தில் நின்றன. சின்ன மாமனார் தொண்டையைக் கனைத்தார். எல்லா ஊர்வலத்துக்கும் முன்னால் அவர் கனைப்பார்.

வலது காலை எடுத்து வைத்தேன்.

தொம்.

அந்த ஒரு அடியில் சிரிப்பு பாதி அடங்கியது. இரண்டாவது அடியில் முழுக்க அடங்கியது. மூன்றாவது அடியில் கிளாரினெட் எழுந்தது, பாருங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்கள் வாசிக்கிற பாட்டுதான். நூறு தெருவில் அதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் என் தலையில் இருந்த விளக்கு அன்றைக்கு எரியவில்லை. சீறவில்லை. எனக்கும் அந்த வாசிப்புக்கும் நடுவில் எதுவும் இல்லை. என் மனுஷன் இப்படியா வாசிக்கிறான்? இத்தனை வருஷம் இதையா நான் உஸ் உஸ்ஸுக்கு அடியில் வைத்துக் கேட்டேன்? முதுகு சிலிர்த்துப்போனது. ஆனால் நடையை மாற்றவில்லை. மாற்றினால் டிரம் மாறும்.

கொட்டகையை ஒரு சுற்று சுற்றினேன். சிப்பாய்கள் நாற்காலிகளைத் தாங்களே இழுத்து வழிவிட்டார்கள். கைதட்டு டிரம்மோடு சேர்ந்து விழ ஆரம்பித்தது. முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவில் கொஞ்சம் அகலமான இடம். தர்மகர்த்தாவின் நாற்காலி அதன் ஓரத்தில்தான் இருந்தது. அவருக்கு நேர் எதிரே நின்றேன்.

முச்சந்தி.

பின்னால் அவர்கள் வட்டம் கட்டினார்கள். முதலில் பாய் தன் பங்கை ஊதினார். டிரம்பெட்டை ஆகாசத்தைப் பார்த்துத் தூக்கிவிட்டார் என்பது சத்தம் கொட்டகைக் கூரையில் பட்டு வந்ததிலிருந்து தெரிந்தது. அடுத்து என் வீட்டுக்காரர். அவர் முடிக்கிற இடத்தில், பக்கவாட்டிலிருந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல் பதில் சொன்னது. கனமான குரல், தேன் வழிகிற மாதிரி. கிளாரினெட் ஒன்று கேட்டது. அந்தக் குரல் அதையே கொஞ்சம் கோணலாக்கித் திருப்பிக் கேட்டது. கிளாரினெட் விடவில்லை. அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினை பேசுகிற மாதிரி இரண்டும் மாறி மாறிப் பேசி, சண்டைபோட்டு, கடைசியில் ஒரே மூச்சில் சேர்ந்து மேலே ஏறின.

கோவாக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏய், என்னை உட்டுட்டுப் போறீங்களா?" என்று ஒரு கத்தல். சட்டைக்காரர் தன் சின்ன டிரம்மை யாரோ ஒரு சிப்பாயின் இடுப்பு வாரால் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் கண்ணெதிரே ஓடிப்போய் சின்ன மாமனாருக்குப் பக்கத்தில் நின்றார். "மாமே, நீ பெரிசை அடி. நான் நடுநடுவுல வர்றேன்."

"வா நைனா. ஆனா கால்ல அடி, கையில அடிக்காத" என்றார் சின்ன மாமனார்.

தர்மகர்த்தாவை நான் நேராகப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தலையைத் திருப்ப முடியாதே, வேறு எங்கே பார்ப்பது? அவர் முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த துரைசானி எழுந்து நின்று கை தட்டினாள். பெரிய துரை எழுந்தார். துரை எழுந்தபிறகு அவர் உட்கார்ந்திருக்க முடியுமா? அவரும் எழுந்தார். எழுந்து நின்றவருக்குக் கால் சும்மா இருக்கவில்லை. செருப்பு முனை தாளம் போடுவதை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

போதும் என்று நடந்தேன். பெரிய கதவு திறந்திருந்தது. அதன் வழியாக வெளியே, சிப்பாய்கள் கவாத்து பழகுகிற மைதானத்துக்கு. அங்கே இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கை இறக்கி வைத்துப் பம்ப் அடித்தேன். சுற்றி நின்று அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். வலை வெள்ளையாகப் பூத்தது. மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினேன். எனக்குப் பின்னால் பாரிவாக்கமும் பூந்தமல்லியும் கோவாவும் பெரம்பூரும் வந்தன. அதற்குப் பின்னால் ஒரு பட்டாளமே ஆடிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளத்தை நடக்கவைத்த பாரிவாக்கத்துப் பொம்பிளை நான் ஒருத்திதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பொய் என்றால் யாராவது வந்து சொல்லட்டும்.

ஜாஸ் செட்டின் கச்சேரி அப்புறம் நடந்தது. அதையும் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோவாக்காரர் அன்றைக்கு நின்றுகொண்டேதான் வாசித்தார்.

வண்டி கட்டும்போது தர்மகர்த்தா வந்தார். என் வீட்டுக்காரரிடமோ சின்ன மாமனாரிடமோ பேசவில்லை. மாட்டைப் பார்த்துப் பேசுகிற மாதிரி நின்றார்.

"சாமிக்கு முன்னாடி இந்த மாதிரி கூத்தெல்லாம் ஆவாது" என்றார்.

"ஆடறது ஜனங்க. நாங்க நடக்கறோம்" என்றார் சின்ன மாமனார்.

தர்மகர்த்தா அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த லைட்டுல வெளிச்சம் பத்தல. ஆடிக்கு நல்லாத் தொடைச்சி எடுத்துகினு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய்க்கு அது உடனே புரியவில்லை. "இன்னாவாம்? லைட்டு மட்டும் வரணுமாமா?" என்று கேட்டார்.

"லைட்டு வந்தா நீ வராம எங்க போவ பாய்?" என்றேன். வண்டி பருத்திப்பட்டு தாண்டுகிற வரைக்கும் அவர்கள் சிரித்த சிரிப்பில் மாடு இரண்டு தடவை மிரண்டது.

ஆடி வந்தது. பட்டணத்து பேண்டு வரவில்லை. ஆனால் பட்டணத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆவடியில் ரயில் இறங்கி ஜட்கா பிடித்து, ஒருத்தர் தோளில் சாக்ஸ்போன், இன்னொருத்தர் கழுத்தில் டிரம். கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலில் வந்து வரிசையில் நின்றார்கள். பகல் சூடு ஆறாத மண்ணில் சட்டைக்காரர் கால் மாற்றி மாற்றி நின்றதைப் பார்த்துச் சின்ன மாமனார், "இப்பதான்யா உனக்கு ஜாஸு வருது" என்றார்.

அம்மன் எழுந்தருளினாள். நான் விளக்கைத் தூக்கினேன்.

தர்மகர்த்தா வீட்டு வாசலில் வழக்கமாக நிற்கிற நேரம் நின்றேன். குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அவர் வாசற்படியில் நின்று கும்பிட்டார். பிறகு பெரிய தெரு, கடைத்தெரு எல்லாம் முறைப்படி போயிற்று. எங்கள் தெரு முனை வந்தது.

அங்கே எந்த ஆடியிலும் பேண்டு நின்றதில்லை. வாசிக்கிறவன் வீட்டுக்கு எதிரில் யார் நிறுத்தி வாசிக்கச் சொல்வார்கள்? என் மாமியாரும் நிற்காமல்தான் கடந்து போவாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, போகிற பேண்டைப் பார்க்க முனையில் வந்து நின்றிருந்தார்கள்.

நான் நின்றேன்.

பின்னால் ஒரு கணம் எல்லாம் தடுமாறியது. "இன்னாம்மே, இங்கயா?" என்று என் வீட்டுக்காரர் மூச்சை விட்டுவிட்டுக் கேட்டார்.

"இங்கதான்" என்றேன்.

வட்டம் கட்டினார்கள். கிளாரினெட் முதலில் பேசியது, சாக்ஸ்போன் பதில் சொன்னது, பாய் ஆகாசத்தைப் பார்த்து ஊதினார், டிரம்கள் இரண்டும் தரையை அதிரவைத்தன. விளக்கு என் தலைக்குமேல் சீறிக்கொண்டேயிருந்தது. ஆனால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். கழுத்து வலிக்கிற வரைக்கும் நின்றேன். வலித்த பிறகும் நின்றேன். அம்மன் பின்னால் காத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.